ஓடும் என்று சொன்ன மெஷின்

பாலத்துக்கு அடியில் இருக்கும் பழைய சாமான் சந்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு விலை உண்டு. மின்விசிறி ‘ஓடுது’ என்று கடைக்காரர் சொன்னால் ஒரு விலை. ‘ஓடும்’ என்று சொன்னால் அதில் ஏறக்குறையப் பாதி.

‘ஓடுது’ என்றால் கண்ணெதிரே சுவிட்சைப் போட்டுக் காட்டத் தயார் என்று அர்த்தம். ‘ஓடும்’ என்றால் கடைக்காரர் போட்டுப் பார்க்கவில்லை. ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் உங்கள் பாடு. இதை யாரும் எழுதி மாட்டியதில்லை. தலைக்கு மேலே ரயில் போகும்போது எல்லாரும் பேச்சை அப்படியே நிறுத்தி, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அதைப் போல இதுவும் சந்தில் படிந்துபோன ஒரு பழக்கம்.

சந்தின் நடுவில், பாலத்தின் தூண் ஒன்றையே பின்சுவராக வைத்துக் கட்டிய கடை ஈரத்துணி அக்காவுடையது. நாற்பதைத் தாண்டியவர். குள்ளம். ஆனால் பீரோவின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தால் மறுபக்கம் பிடிக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும் என்று சந்தில் பேச்சு. இடது தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும், எப்போதும் ஈரமாக. அதனால்தான் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அது பாதி உண்மை.

மீதிக் கதை அவர் கணவர் வேலை பார்த்த பாட்டில் தொழிற்சாலை மூடியபோது தொடங்குகிறது. வீட்டிலிருந்ததை ஒவ்வொன்றாக விற்றார்கள். வாங்க வந்தவர் இதே சந்துக் கடைக்காரர் ஒருவர். எந்தப் பொருளாக இருந்தாலும் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டுத்தான் வாயைத் திறப்பார் என்பதால் அவருக்குப் பாதிவிலை என்று பெயர். அக்காவின் வாஷிங் மெஷினையும் அவர் அப்படித்தான் வாங்கிப் போனார். சில நாள் கழித்து அக்கா வேறு வேலையாகச் சந்து வழியே போனபோது, கடை வாசலில் அதே மெஷின் நின்றது. சொன்ன விலை, அவர் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு.

“அண்ணே, இதுல என்ன ரிப்பேர் பண்ணீங்க?”

“துடைச்சேன்.”

“அவ்வளவுதானா?”

“ஈரத்துணியால துடைச்சேன்மா. சும்மா இல்லை.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபத்தை முந்திக்கொண்டு கணக்கு வந்தது. இனி வயிற்றில் ஈரத்துணிதான் என்று அன்று காலையில்தான் கணவர் சொல்லியிருந்தார். அக்கா வீட்டுக்குப் போய் அந்தத் துணியை வேறு வேலைக்கு எடுத்தார். மேல்வீட்டுக்காரர்கள் மாடிப்படிக்கு அடியில் வருஷக்கணக்காகப் போட்டு வைத்திருந்த குழந்தைக் கட்டிலைக் கேட்டு வாங்கி, துடைத்து, தெருமுனையில் நிறுத்தி, சாயங்காலத்துக்குள் விற்றார். கட்டிலில் லாபம். அதை வைத்து ஒரு மேஜை. மேஜையில் லாபம். “வயித்துல கட்ட வேண்டியதை மேஜையில தேய்ச்சேன்” என்று அவரே ஒருநாள் சந்தில் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

பாதிவிலைக்கு எதிரிலேயே கடை பிடித்தார். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது.

அக்கா வாங்கப் போகும் வீட்டில் எந்தப் பொருளையும் குறை சொல்லமாட்டார். நாற்காலிக்குக் கால் ஒடிந்திருந்தாலும், “நல்லா உக்காந்திருக்கீங்க இதுல” என்பார். இது பெருந்தன்மை இல்லை, தொழில். வீட்டுக்காரர்களின் மனசு கோணாமல் இருந்தால்தான், “பின்னாடி ஒரு மிக்ஸியும் இருக்கு, பாக்கறீங்களா?” என்று அவர்களாகவே கதவைத் திறப்பார்கள். லாபத்தையும் மறைக்கமாட்டார். “ரொம்ப லாபம் வெச்சிருக்கீங்கபோல” என்று யாராவது முகத்தைச் சுளித்தால், “ஆமா, வெச்சிருக்கேன். அதுக்குத்தானே கடை? சும்மா குடுக்கணும்னா சத்திரம் கட்டியிருப்பேனே” என்று சிரிப்பார்.

கடை வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் மின்சார பிளக் பாயின்டுகள், பக்கத்தில் ஒரு குழாய், கீழே ஒரு தொட்டி. எது வந்தாலும் முதலில் அந்தப் பெஞ்சில் ஏறி ஓடிக் காட்ட வேண்டும். பாட்டில் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஓடாததை ஓட வைப்பார். சின்ன லாரியையும் அவர்தான் ஓட்டுகிறார். ஓடியவை வலது பக்கம். பார்க்க நேரமில்லாதவை இடது பக்கம்; அவை மட்டும் ‘ஓடும்’. வருஷங்கள் போகப்போக, ஈரத்துணி அக்கா ‘ஓடுது’ என்றால் போட்டுக் காட்டச் சொல்லாமலே தூக்கிக்கொண்டு போகும் ஆட்கள் உண்டானார்கள். பாதிவிலையே தன் வீட்டு ஃப்ரிட்ஜை அக்காவிடம்தான் வாங்கினார். ஆள் அனுப்பி வாங்கினார் என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் கடைக்கு நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவரின் தங்கை. அவர் தைத்துக்கொண்டிருந்த தையல் கடை மூடிவிட்டது. கை வேகம், வாய் அதைவிட வேகம். வந்த முதல் நாளே அக்கா அவருக்கு ஒரே ஒரு பாடம்தான் சொன்னார்: “பாத்ததுக்கு ஓடுதுன்னு சொல்லு. பாக்காததுக்கு ஓடும்னு சொல்லு. மாத்திச் சொன்னே, நாத்தனார்னுகூடப் பாக்கமாட்டேன்.”

நாத்தனார் மாற்றிச் சொல்லவே இல்லை. வினையே அங்கிருந்துதான் வந்தது.

ஊரின் மறுபக்கத்தில் ஒரு மாணவர் ஹாஸ்டலை மூடினார்கள். துணி துவைக்க அங்கே இரண்டு பெரிய மெஷின்கள் இருந்தன. அலமாரி அளவு உயரம், ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கட்டடத்துக்கு மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். போட்டுப் பார்க்க வழியில்லை. ஒன்றை அக்கா எடுத்தார், இன்னொன்றைப் பாதிவிலை எடுத்தார். எது யாருக்கு என்று அதிகம் யோசிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது அக்காவுடையது.

அதைக் கடையில் இறக்கியபோது பெஞ்சில் ஏற்ற முடியவில்லை. இவ்வளவு பெரிய மெஷினுக்குத் தடித்த வயரும் தனிக் குழாயும் வேண்டும். நாளைக்கு இழுத்துத் தருகிறேன் என்றார் கணவர். மறுநாள் இருவரும் ஒரு வீட்டைக் காலி செய்யப் போயிருந்தார்கள். கடையில் நாத்தனார் மட்டும். போன் அடித்தது. இளம் பெண் குரல்.

“பெரிய வாஷிங் மெஷின் வந்திருக்குன்னாங்க. இருக்கா?”

“இருக்கு.”

“ஓடுமாங்க?”

“ஓடும்.”

கேட்டதும் சரி, சொன்னதும் சரி. எந்த வீட்டிலும் எந்தத் தெருவிலும் ‘ஓடுமா?’ என்று கேட்டால் ‘ஓடும்’ என்றுதான் பதில் வரும். கேட்டவர் நிம்மதியாகப் போவார். சந்துக்குள் மட்டும் அதற்கு வேறு அகராதி. அந்தப் பெண் வந்தாள், விலையைக் கேட்டாள். நாத்தனார் ‘ஓடும்’ விலையைச் சொன்னார். இவ்வளவு மலிவா என்று அவள் மனசுக்குள் குதித்தபடி வண்டி பிடித்து அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்த அக்கா காலி இடத்தைப் பார்த்துவிட்டு நாத்தனாரின் முதுகில் தட்டினார். “வித்துட்டியா! உன் வாயும் பிழைச்சுக்கும்.”

வெள்ளிக்கிழமை அதே பெண்ணின் போன் வந்தது. இந்த முறை எடுத்தது அக்கா.

“அக்கா, மெஷின் சுத்தவே மாட்டேங்குது. தண்ணி ஏறுது, அப்படியே நிக்குது. ஓடும்னு சொன்னாங்களேக்கா.”

அக்கா நேரில் போனார். இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன அறை. பெயின்ட் வாசனை போகவில்லை. சுவரோரம் புது மரத் தட்டுகள், இஸ்திரி மேஜை, கூரைக்குக் கீழே கட்டிய கொடிகள். வெளியே மாட்ட வேண்டிய லாண்டரி போர்டு காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது. அறையின் பாதியை அடைத்துக்கொண்டு மெஷின், வயிறு நிறையத் தண்ணீரோடு. பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும். இதுவரை ஒரு பெரிய லாண்டரியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டாள். பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள லாட்ஜ் ஒன்று படுக்கை விரிப்புகளை அவளிடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. முதல் மூட்டைகள் திங்கட்கிழமை காலை வரும். அன்று சாயங்காலமே துவைத்து, காய்ந்து, மடித்துப் போக வேண்டும். போகாவிட்டால் லாட்ஜ் பழைய இடத்துக்கே போய்விடும்; அந்தப் பழைய இடம் அவள் விட்டுவந்த அதே லாண்டரி.

“பணத்தைத் திருப்பித் தந்துடறேன்மா” என்றார் அக்கா.

“பணம் துவைக்குமாக்கா?”

பெண் அழவில்லை, கத்தவும் இல்லை. “எல்லாரும் சொன்னாங்க, அந்தக் கடையில ஒரு வார்த்தை சொன்னா அது வார்த்தைன்னு. அதை நம்பி வந்தேன்” என்றாள், கையிலிருந்த துணியை முறுக்கியபடி.

சந்துக்குத் திரும்பியபோது விஷயம் அக்காவுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஆளாளுக்கு நியாயம் சொன்னார்கள்.

“ஓடும்னுதானே சொன்னீங்க? ஓடுதுன்னு சொல்லலையே!”

“வெலையும் ஓடும் வெலைதானே வாங்கினீங்க? அப்புறம் என்ன?”

“இதுக்கெல்லாம் இறங்கிப் போனா நாளைக்கு எங்க கடைக்கும் வந்து நிப்பாங்க. சந்தோட பழக்கத்தைக் கெடுத்துடாதீங்க.”

நாத்தனாருக்கு முகம் சிவந்திருந்தது. “நீங்கதானே அண்ணி சொல்லிக் குடுத்தீங்க! பாக்காததுக்கு ஓடும்னு சொல்லுன்னு. நான் அப்படியே சொன்னேன். ஒரு எழுத்து மாத்தலை.”

“நீ மாத்தலைடி” என்றார் அக்கா. “அவளுக்கு அது தெரியாதே.”

“அப்போ என்ன பண்ணப் போறீங்க?”

“ஓடும்னு சொல்லியாச்சு இல்ல? ஓடணும்.”

மேலே ரயில் வந்தது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரயில் போனபிறகு யாரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை.

சனிக்கிழமை காலை கணவர் அந்த அறையில் மெஷினின் முதுகைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது மூக்கில் கரி. மோட்டார் எரிந்திருந்தது. ஹாஸ்டலில் குழாய் ஒழுகி, தண்ணீர் அதன் தலையிலேயே சொட்டியிருக்கிறது. புது மோட்டார் கிடைக்குமா என்று அக்கா கேட்டுப் பார்த்தார். அந்த மாடலையே நிறுத்தியாகிவிட்டதாம். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தருகிறவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் தன் மேஜையடியில் வரிசையாகக் கிடந்த மோட்டார்களைக் காலால் காட்டினார். “அடுத்த வாரக் கடைசி. அதுக்கு முன்னாடி என் சொந்த மாமனார் வந்தாலும் முடியாது.”

“உங்க மாமனாரை நாங்க அனுப்பறதா இல்லை” என்றார் அக்கா. “நாங்களே பாத்துக்கறோம்.”

லாரியில் ஏறியதும் கணவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். “அதே மோட்டார் ஊர்ல இன்னொண்ணு இருக்கு. உனக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“போகணுமா?”

“வண்டியை எடுங்க.”

பாதிவிலையின் கடை வாசலில் இரட்டையரில் இன்னொன்று தூசியோடு நின்றது. அவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டார். மோட்டார் நன்றாக ஓடியது. டிரம்தான் ஒரு பக்கம் பிய்ந்து, சுற்றும்போது இரும்புச் சத்தம் போட்டது. இரண்டு மெஷின்களையும் சேர்த்தால்தான் ஒரு முழு மெஷின். ஒன்றுக்கு இதயம் போனது, மற்றொன்றுக்கு வயிறு.

“மோட்டாரை மட்டும் குடுங்கண்ணே.”

“கண்ணை மட்டும் நோண்டிக்கறேன், ஆளை நீயே வெச்சுக்கோன்ற மாதிரி இருக்கு” என்றார் பாதிவிலை. “மோட்டார் போனா மிச்சத்தை எவன் வாங்குவான்? எடுத்தா முழுசா எடு.”

“முழுசா என்ன வெலை?”

சொன்னார். முழு விலை. ‘ஓடுது’ என்கிற மெஷினுக்குச் சொல்லும் விலை.

எதிர்க்கடையிலிருந்து வந்து நின்ற நாத்தனார் இடுப்பில் கை வைத்தார். “ஏண்ணே, பேரை மாத்திட்டீங்களா? சொல்லவே இல்லையே.”

“அவசரத்துக்கு வர்றவங்களுக்கு வேற பேரு, வேற வெலைம்மா.”

அவரிடம் இரக்கம் தேடுவது வீண் என்று அக்காவுக்குத் தெரியும். வீட்டு மெஷினைத் துடைத்து விற்ற அன்றைக்கே தெரியும். அதற்காக அவர்மேல் வருத்தமும் இல்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்று நினைத்தார். விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினால் நேரம் போகும். நேரம்தான் இல்லை. ஆகவே பணப்பேச்சை விட்டுவிட்டு வேறு பக்கத்திலிருந்து வந்தார்.

“உங்களுக்கு ஒரு கண்ணாடி பீரோ வேணும், இல்லையா?”

“யார் சொன்னா?”

“நீங்கதான். சந்து முழுக்க விசாரிச்சுக்கிட்டுத் திரியறீங்க. ஆளுயரக் கண்ணாடி, ரெண்டு கதவு. யாருக்கோ வாக்குக் குடுத்து முன்பணமும் வாங்கிட்டீங்க. என் கடையில இருக்குன்னு தெரியும், என்கிட்ட மட்டும் கேக்க மனசு வரலை.”

பாதிவிலை மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். ஒப்புக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பீரோவை அக்கா தன் சொத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கனத்த இரும்பு. எண்ணெய் போட்டு, துருவெடுத்து, மீண்டும் மீண்டும் துடைத்து, கண்ணாடியில் சந்தின் மறுமுனை தெரியும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். இந்த மாதத்து லாபமே அதில்தான். “பீரோவை எடுத்துக்கோங்க. மெஷினை முழுசா நான் எடுத்துக்கறேன். காசு வேண்டாம், பேரமும் வேண்டாம்.”

“அண்ணி!” என்றார் நாத்தனார்.

பாதிவிலை எழுந்து எதிர்க்கடைக்கு வந்தார். பீரோவைச் சுற்றி வந்தார்.

“கதவு?”

“திறக்குது, மூடுது.”

“கண்ணாடியில கீறல்?”

“இல்லை.”

“பூட்டு?”

“நல்லா இருக்கு.”

“சாவி?”

“இருக்கும்.”

பாதிவிலையின் விரல் அந்தரத்தில் நின்றது. “இருக்கும்னா? இருக்கா?”

“குடுத்த வீட்டுக்காரங்க உள்ளேயே இருக்கும்னாங்க…”

“அவங்க சொன்னது இருக்கட்டும். ‘இருக்கும்’ங்கற சாவியை வெச்சு எந்தப் பூட்டைப் பூட்டறது? நான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவர் வந்து கேட்டா நானும் இருக்கும்னு சொல்லவா?”

சந்தில் நாலு பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தச் சொல்லை அவர் கொடுக்கும் பக்கத்திலிருந்தே கேட்டுவந்திருக்கிறார். வாங்கும் பக்கத்தில் அது எப்படி ஒலிக்கிறது என்பது இப்போதுதான் காதில் விழுந்தது. அந்தப் பெண் துணியை முறுக்கிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

“கொஞ்சம் நில்லுங்க” என்றார்.

பீரோவின் இழுப்பறைகளை உருவினார். இல்லை. அதன் தலைமேல் தடவினார். இல்லை. கணவரும் நாத்தனாரும் அதைச் சாய்த்துப் பிடிக்க, அக்கா தரையில் படுத்து அடியைப் பார்த்தார். ஒரு சிலந்தி மட்டும் வெளியே வந்தது. பாதிவிலை தன் கடையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, சினிமா பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டார். கடைசியில், கீழ்த்தட்டில் யாரோ எப்போதோ விரித்துப் பசை போட்ட காகிதத்துக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. அக்கா நகத்தால் கிழித்தார். சாவியை எடுத்து, தோள் துணியில் துடைத்து, பூட்டில் விட்டுத் திருகிக் காட்டிவிட்டு, பாதிவிலையின் உள்ளங்கையில் வைத்தார்.

“இருக்கு.”

“இது பேச்சு” என்றார் பாதிவிலை.

மோட்டாரைக் கழற்றவே பாதி நாள் போனது. துருவேறிய ஒரு போல்ட் மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை, சுத்தியலுக்கும் மசியவில்லை. கணவர் அதோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை அச்சில் ஏற்ற முடியாது. கடைசியில் அக்கா ஒரு நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி, அதன் மேல் ஏறி நின்றார். டக்கென்று விட்டது. குழாயும் அக்காவும் தனித்தனியாகத் தரையில் விழுந்தார்கள்.

“பாத்துங்க அண்ணி. உங்களுக்கு மாடல் நிறுத்திட்டாங்க, ஸ்பேர் கிடைக்காது” என்றார் நாத்தனார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை லாண்டரி அறைக்குக் கொண்டுபோனார்கள். பெண் இஸ்திரி மேஜைமேல் கையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். உட்காரவே இல்லை. கணவர் பொருத்தி முடித்து முதுகுத் தகட்டை மாட்டப் போனார்.

“தகடு அப்புறம்” என்றார் அக்கா. “முதல்ல ஓடட்டும்.”

சுவிட்ச். தண்ணீர் ஏறியது. நின்றது. உள்ளே ஏதோ முனகியது. டிரம் அசையவில்லை.

பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா மெஷினின் பின்னால் குனிந்தார். மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பெல்ட் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் தொளதொளவென்று சும்மா இருந்தது.

“என்னங்க, இது தொங்குது பாருங்க. இறுக்கலையா?”

கணவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சுவிட்சை அணைத்து, மோட்டாரைத் தள்ளி, போல்டை முறுக்கி, மறுபடி போட்டார். இந்த முறை முனகலுக்குப் பின்னால் ஒரு நீளமான ‘சளக்’. டிரம் மெல்ல ஒரு சுற்று சுற்றியது. நின்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. பிறகு தன்பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது.

நாத்தனார் கைதட்டினார். பெண் தட்டவில்லை. “வெறுமனே சுத்தினா போதாதுக்கா. நாளைக்கு வர்றது அடுத்தவங்க விரிப்பு. துணி போட்டுப் பாக்கணும்.”

“போடு.”

“என்கிட்ட போட்டுப் பாக்கறதுக்குத் துணி இல்லை.”

அக்கா லாரிக்குப் போய் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையின் துடைக்கும் துணிகள் எல்லாம் அதில் இருந்தன. எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜ், அடுப்பு, அலமாரி எல்லாவற்றின் கறுப்பும் அவற்றில்தான். தோளில் கிடந்ததையும் எடுத்து அதோடு போட்டார். மெஷின் ஓடியது. தண்ணீர் தார் நிறத்தில் வெளியே போனது. ஊற்றியது, அலசியது, பிழிந்தது. பிழியும்போது அறை முழுக்க அதிர்ந்து, சாத்தி வைத்திருந்த போர்டு சறுக்கி விழுந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

கதவு திறந்ததும் நாத்தனார் ஒரு துணியை உதறிப் பிடித்தார். மங்கலான பச்சை, நடுவில் மஞ்சள் கோடு.

“அண்ணி, இது பச்சையா! நான் வந்த நாள்லேருந்து கறுப்புன்னுல்ல நினைச்சேன்!”

பெண் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓரங்களைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். “சரி. ஓடுது” என்றாள்.

திங்கட்கிழமை காலை அக்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் சாமான் பார்க்கும் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பார். லாட்ஜ் வண்டி நின்றது. வெள்ளை மூட்டைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அறைக்குள் மெஷின் கனத்த குரலில் ஓடியது. பெண் முழங்கை வரை நனைந்திருந்தாள். அக்காவைப் பார்த்து வாயசைத்தாள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அக்கா கையை ஆட்டிவிட்டு லாரியில் ஏறினார். சாயங்காலம் மடித்த விரிப்புகள் லாட்ஜுக்குப் போய்விட்டன என்று போன் வந்தபோது, அக்கா ஒரு தையல் மெஷினுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். “நல்லது. வேலையைப் பாரு” என்று வைத்துவிட்டு, பேரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பீரோ போனதைப் பற்றிச் சந்தில் யாராவது உச்சுக்கொட்டினால் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பாதிவிலையிடம் வாங்கிய மெஷினின் மிச்சத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். டிரம்மைச் செடி விற்பவர் ஒருவர் தொட்டியாக வைத்துக்கொள்ள எடுத்துப் போனார். தகடுகள் ஓர் ஓட்டல் சமையலறைக்குப் போயின. கண்ணாடிக் கதவை எதற்கென்று சொல்லாமலே ஒருவர் வாங்கிப் போனார். மெஷின் ஆடாமல் இருக்க உள்ளே வைத்திருந்த கான்கிரீட் கட்டி மட்டும் விலை போகவில்லை. கடைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை முட்டுக் கொடுத்தார். பீரோவின் லாபம் முழுசாக வரவில்லை. வந்தது போதாது என்று அக்காவே சொன்னார். “அடுத்ததுல எடுத்துடலாம்.”

துடைக்கும் துணிகள் இப்போது வாரம் ஒருமுறை அந்த லாண்டரிக்குப் போகின்றன. பெண் காசு வாங்குகிறாள். முதல் தடவை நாத்தனார் முணுமுணுத்தார். “வாங்கத்தான் செய்வா” என்றார் அக்கா. “அதுக்குத்தானே கடை?”

கடையில் ஒரே ஒரு மாற்றம். இடது பக்கத்துச் சாமான்கள்மேல் அக்கா சாக்பீஸால் பெரிதாக எழுதினார்: ‘தெரியாது’. சந்து சிரித்தது. தெரியாதுன்னு சொல்லி விக்கற கடை உலகத்துலேயே இதுதான் என்று பாதிவிலை ஒருவாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். இப்போது அவர் கடையில் வாங்க வருகிறவர்கள், “ஓடுமா?” என்று கேட்டு, அவர் “ஓடும்” என்றதும், “ஓடுமா, தெரியாதா?” என்று மறுபடி கேட்கிறார்களாம். அதற்காக அக்காவைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நேற்றும் போன் அடித்தது. நாத்தனார் எடுத்தார்.

“ஃப்ரிட்ஜா? இருக்கு… ஓடுமான்னு கேக்காதீங்க சார், ஓடுதான்னு கேளுங்க… ஆங், அப்படி. ஓடலை… இல்லை சார், நிஜமாவே ஓடலை… என்ன வெலையா? இருங்க, அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்.”

அக்கா ஃப்ரிட்ஜின் கதவிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி பச்சையாகவே இருந்தது. நிமிராமல் ஒரு விலையைச் சொன்னார். நாத்தனார் போனைப் பொத்திக்கொண்டு, “ஓடாததுக்கா இவ்வளவு?” என்று கண்ணை விரித்தார்.

“துடைச்சிருக்கேன்ல” என்றார் அக்கா.